அபுதாபி ஆஃபர், 1,800 திர்ஹாம்: வேண்டாம்னு சொல்லிடலாமா?

பல்லடம்_பேனல் · செவ்வாய், இரவு 10:47

வணக்கம்ங்க. எனக்கு வயசு 29. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கேன். 4 வருஷம் 5 மாசம் ஆச்சு. பி.எஃப். போக கைக்கு 24,500 வருது. ரிங் ஃப்ரேம் டிரைவ், பேனல், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் எல்லாம் நான்தான் பார்க்கறேன்.

அபுதாபில ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் கம்பெனில ஆஃபர் வந்திருக்கு. போன வாரம் திருச்சில இன்டர்வியூ, ட்ரேட் டெஸ்ட் ரெண்டும் முடிஞ்சுது. லெட்டர்ல இருக்கறது:

பேசிக் 900, சாப்பாடு 300, ஃபிக்ஸட் ஓ.டி. (ஓவர்டைம்) 600. மொத்தம் 1,800 திர்ஹாம். ரூம், வண்டி கம்பெனியோடது. 2 வருஷ கான்ட்ராக்ட். ஏஜென்ட் 85,000 கேக்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் 25,000 அட்வான்ஸும் குடுக்கணுமாம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டுக்காரம்மா நகையை அடகு வெச்சு 2,60,000 வாங்கினேன், ரெண்டு வட்டிக்கு. அது கழுத்தை நெரிக்குது. பொண்ணுக்கு ரெண்டு வயசு. ஒரு திர்ஹாம் 24 ரூபாய்னு வெச்சு 1,800ஐப் பெருக்கினா மாசம் 43,200 வருது, இங்க வாங்கறதுல கிட்டத்தட்ட டபுள். ஆனாலும் மனசு ஒப்ப மாட்டேங்குது. ஏன்னு எனக்கே சொல்லத் தெரியல. பயமா, சோம்பேறித்தனமா?

வேலன்_வெல்டிங் · செவ்வாய், இரவு 11:05

நண்பா, இதுல யோசிக்க என்ன இருக்கு? 43 ஆயிரம்! மில்லுல இருந்தா 40 வயசுலதான் அதைப் பார்ப்பீங்க. கிளம்புங்க. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.

அனல்காற்று · செவ்வாய், இரவு 11:31

எந்த விசா? விசிட் விசால போய் அங்க மாத்திக்கலாம்னு சொன்னா அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க. விசிட்ல வேலை செஞ்சா மாட்டிக்கறது நீங்கதான்.

பல்லடம்_பேனல் · செவ்வாய், இரவு 11:40

இல்லீங்க, வேலை விசாதான். ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கு, அரசாங்கத்தோட இ-மைக்ரேட் சைட்ல நம்பர் போட்டுப் பார்த்துட்டேன். போன வருஷம் இவங்க மூலமா போன எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அதே கம்பெனில இருக்கான். சம்பளம் மாசாமாசம் பேங்க்ல ஏறுதுன்னு சொன்னான். ஏமாத்து வேலை இல்லை.

சபராளி_கீழக்கரை · புதன், காலை 5:52

தம்பி, சுபுஹு தொழுதுட்டு வந்து படிச்சேன். 19 வருஷம் துபாய், ஷார்ஜா, கடைசி 6 வருஷம் அபுதாபி. இப்ப ஊர்லதான் இருக்கேன். எங்க ஊர்ல சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகாத வீடு கிடையாது, அதனால போகாதேன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. ஆனா லெட்டரைப் படிக்கத் தெரிஞ்சிட்டுப் போகணும்.

நீங்க 1,800ஐப் பார்க்குறீங்க. நான் 900ஐப் பார்க்குறேன். அங்கே எல்லாக் கணக்கும் பேசிக்கை வெச்சுத்தான். ஓ.டி. பேசிக்கை வெச்சு, முடிச்சுட்டு வரும்போது குடுக்கற செட்டில்மென்ட் பேசிக்கை வெச்சு.

900ஐ 30ஆல வகுத்தா ஒரு நாளுக்கு 30. அதை 8ஆல வகுத்தா மணிக்கு 3.75. சட்டப்படி ஓ.டி.க்கு அதுக்கு மேல கால் பங்கு, அதாவது 4.69. இப்ப அந்த 600ஐ 4.69ஆல வகுத்துப் பாருங்க. 128 மணி நேரம் வரும். மாசம் 26 டியூட்டின்னா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஓ.டி. எட்டும் அஞ்சும் பதிமூணு.

அந்த நாட்டுச் சட்டமே ஓ.டி. நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல கூடாதுங்குது. அப்படிப் பார்த்தா 26 நாளைக்கு 52 மணி, 244 திர்ஹாம்தான் தேறும். அப்ப 600 எதுக்குப் போட்டிருக்கான்? சும்மா தர்றதுக்கா?

வேலன்_வெல்டிங் · புதன், காலை 7:20

ஐயா, ஃபிக்ஸட்னா வேலை குறைஞ்சாலும் 600 வரும்னுதானே அர்த்தம்? நல்லதுதானே?

சபராளி_கீழக்கரை · புதன், காலை 7:34

வேலை கூடுனாலும் 600தான்னும் அர்த்தம் வாப்பா. எது நடக்கும்னு கேம்ப்ல படுத்தவனுக்குத் தெரியும். காலைல நாலரைக்கு எழுந்து பாத்ரூமுக்கு வரிசை. அஞ்சேகாலுக்கு பஸ். சைட்டுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அது கணக்குல வராது. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு தடை உண்டு. நல்ல சட்டம்தான், பல உசிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா அந்த ரெண்டரை மணி நேரத்தைச் சாயங்காலம் சேர்த்துடுவாங்க. ரூமுக்கு வர்றப்ப ராத்திரி ஒன்பது. அதுக்கு மேல மெஸ்ஸுக்கு ஆக்கணும்.

நாரோயில்_மக்கா · புதன், காலை 9:15

சபராளி அண்ணன் சொல்லுதது எல்லாம் சரி. ஆனா ஒரு பக்கத்தத்தான் சொல்லுதாவ.

நான் 2011ல 700 பேசிக்குக்குப் போனவன். ரெண்டு வருஷம் நாய்ப்பாடு. அந்த ரெண்டு வருஷத்துல இந்தி படிச்சேன், டிராயிங் பாக்கப் படிச்சேன், டிரைவிங் லைசென்ஸ் எடுத்தேன். கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வேற கம்பெனிக்கு மாறுனேன், 2,200. இப்ப ஃபோர்மேன், 4,500 வாங்குதேன், ரெண்டு பிள்ளையளும் ஊருல நல்ல பள்ளிக்கூடத்துல படிக்கி. அன்னைக்கு யாராவது எனக்கு 3.75, 4.69ன்னு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தா நான் இன்னைக்கும் மார்த்தாண்டத்துல வயரிங் பாத்துட்டுத்தான் இருந்திருப்பேன். மொத ஆஃபர் வாசல் மட்டும்தான் மக்கா. வாசல்ல நின்னு வீட்ட அளக்காத.

தறி_டெக்னிக் · புதன், காலை 10:02

நாரோயில் அண்ணா, நீங்க போனப்ப கையில என்ன தொழில் இருந்துது? கேலியா கேக்கல, வீட்டு வயரிங்தானே? இவர் வி.எஃப்.டி. டிரைவ், அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவி பார்க்கறவர். நானும் சோமனூர்ல அதே வேலைதான். டிரைவ்ல ஃபால்ட் கோடு வந்தா பாராமீட்டர் பார்த்து ஓட்டி விடறதுக்கு ஆள் கிடைக்காம இங்க முதலாளிங்க அல்லாடறாங்க.

பேனல், அந்த ட்ரேட் டெஸ்ட்ல என்ன செய்யச் சொன்னாங்க?

பல்லடம்_பேனல் · புதன், காலை 10:20

கன்டியூட் பென்டிங், டி.பி. டிரெஸ்ஸிங், கேபிள் கிளாண்ட் போடறது. அவ்வளவுதான்ங்க. டிரைவ் பத்தி ஒரு கேள்வி இல்ல. நானே சொன்னேன், "அது அங்க வேண்டாம்"னுட்டாங்க.

தறி_டெக்னிக் · புதன், காலை 10:26

அப்புறம் என்ன? மனசு ஒப்பலேன்னு எழுதினீங்களே, அதுதான் காரணம். ரெண்டு வருஷம் பைப் வளைச்சு கேபிள் இழுத்துட்டு வந்தா இங்க புது மாடல் டிரைவ் வந்திருக்கும், நீங்க பழைய ஆளாயிடுவீங்க. இது சோம்பேறித்தனம் இல்லைங்க.

ஈரோட்டு_அக்கா · புதன், மதியம் 1:48

இவ்வளவு பேர் பேசறீங்க, ஒருத்தராவது கேட்டீங்களா? தம்பி, உன்ற வீட்டுக்காரம்மா என்ன சொல்லுது?

என்ற வீட்டுக்காரர் மஸ்கட்ல 8 வருஷம் இருந்தாரு. போக வேண்டாம்னு நான் சொல்லல. நானும் சேர்ந்துதான் முடிவு பண்ணினேன். அதனாலதான் அந்த எட்டு வருஷத்தையும் என்னால தாங்க முடிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை புருசன் விசா வந்த பொறவுதான் சொன்னான். அது இன்னைக்கு வரைக்கும் ஆறல.

பல்லடம்_பேனல் · புதன், மதியம் 2:10

அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். இன்டர்வியூவுக்குப் போனதே அதுக்குத் தெரியாது. திருச்சிக்கு மில்லு வேலையாப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். கிடைச்சா சொல்லிக்கலாம்னு.

ஈரோட்டு_அக்கா · புதன், மதியம் 2:13

நெனச்சேன். இன்னிக்கு ராத்திரி சொல்லு. லெட்டரைக் கையில குடு. நீயே படிச்சுக் காட்டாத.

கணக்குப்பிள்ளை · புதன், மாலை 6:30

டபுள் சம்பளம் என்ற கணக்கை மட்டும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். தொழில் ஆசைக்காகப் போவது வேறு, கடனுக்காகப் போவது வேறு. இவர் கடனுக்காகப் போவதாகச் சொல்வதால் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே மெஸ், போன், சோப்பு, முடிவெட்டு எல்லாம் சேர்த்து எப்படிச் சுருக்கினாலும் 550 திர்ஹாம் ஆகும். மீதி 1,250, அதாவது 30,000 ரூபாய். அவர் இல்லாத வீட்டுக்கு 15,000 என்று வைத்தால் மிஞ்சுவது 15,000. இங்கே 24,500ல் அவரும் சேர்ந்து சாப்பிட, பெட்ரோல் போட 18,000 போனால் மிஞ்சுவது 6,500. வித்தியாசம் மாதம் 8,500. 24 மாதத்துக்கு 2,04,000.

இதில் ஏஜென்ட் 85,000 போனால் 1,19,000. மெடிக்கல், அலைச்சல், பெட்டி, துணி என்று 10,000. அடுத்து யாரும் பேசாத ஒன்று, மில்லில் கிராஜுவிட்டி, அதாவது 5 வருட வேலைக்குப் பிறகு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை. பேசிக்கும் டி.ஏ.வும் 14,000 இருக்கும் என்று ஊகிக்கிறேன். 5 வருடத்துக்கு 14,000 × 15 ÷ 26 × 5, சுமார் 40,000. இப்போது கிளம்பினால் அது போச்சு. அங்கே செட்டில்மென்ட் வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதாவது 630 திர்ஹாம். இரண்டு வருடத்துக்கு 1,260, சுமார் 30,000 ரூபாய். கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது 99,000.

இரண்டு வருடத்துக்கு 99,000 என்றால் மாதம் 4,000 சொச்சம். அதுவும் அந்த 85,000 கடன் வாங்காமல் வந்தால். அதையும் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,700 வட்டி தனி.

மணிக் கணக்கு இன்னும் மோசம். அங்கே 13 மணி நேரம், 26 நாள், 43,200. மணிக்கு 128 ரூபாய். இங்கே 8 மணி நேரம், 26 நாள், 24,500. மணிக்கு 118. பத்து ரூபாய்தான் வித்தியாசம்.

வேலன்_வெல்டிங் · புதன், மாலை 6:51

கணக்குப்பிள்ளை சார், தலை சுத்துது. ஆனா மில்லுல கூடுதலா அஞ்சு மணி நேரம் வேலை குடுத்தா காசு குடுப்பாங்களா? அங்க குடுக்கறாங்கல்ல.

கணக்குப்பிள்ளை · புதன், இரவு 7:05

நியாயமான கேள்வி. உழைக்கத் தயாராக இருப்பவனுக்கு அங்கே நேரத்தை விற்க வழி இருக்கிறது, இங்கே குறைவு. அதை மறுக்கவில்லை. வாங்குகிற விலைதான் இந்த லெட்டரில் குறைவு என்கிறேன். பேசிக் 1,400 என்றால் இதே நான் போகச் சொல்லியிருப்பேன்.

அனல்காற்று · புதன், இரவு 8:22

85,000 பத்தி. இந்தியச் சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது கேளுங்க. அமீரகச் சட்டப்படி பார்த்தா ஆள் எடுக்கற செலவைத் தொழிலாளிகிட்ட வாங்கவே கூடாது, கம்பெனி கட்டணும். கம்பெனி லெட்டர்பேட்ல வந்ததை மட்டும் நம்பாதீங்க, அந்த நாட்டு லேபர் மினிஸ்ட்ரி ஆஃபர் லெட்டர்னு ஒண்ணு இருக்கு, தமிழ்லயே கேட்டு வாங்கலாம். தமிழ்நாடு அரசாங்கமே 1978ல இருந்து நடத்தற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டில இருக்கு. அங்கயும் பதிஞ்சு வைங்க. எதைச் செஞ்சாலும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டை இப்பக் குடுக்காதீங்க. வேண்டாம்னு சொல்றதா இருந்தா அது உங்க கையில இருக்கறப்பவே சொல்லணும். குடுத்த பிறகு திரும்ப வாங்க 10,000, 15,000 கேட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

பல்லடம்_பேனல் · வியாழன், காலை 6:40

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து எழுதறேன். நேத்து சாயங்காலம் வீட்ல சொன்னேன். அக்கா சொன்ன மாதிரி லெட்டரைக் கையில குடுத்துட்டு வெளிய வந்து உக்காந்துக்கிட்டேன்.

அழும், இல்ல திட்டும்னு நெனச்சேன். கால் மணி நேரம் கழிச்சு வந்து, "ஏனுங்க, நகை எதுக்குங்க இன்னும் அந்த சேட்டு கடைலயே இருக்குது? என்ற தங்கச்சி பேங்க்ல வெச்சிருக்கறா, வருசத்துக்கே ஒம்பது ரூபாய்தான் வட்டியாமா"ன்னுச்சு.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இப்ப மாசம் 5,200 கட்டறேன். பேங்க்ல ஒம்பதரைன்னு வெச்சாலும் 2,060தான் வரும். மாசம் 3,140 மிச்சம். ரெண்டு வருஷமா இது என் தலைல ஏறல. அவசரத்துக்கு வெச்சது, அப்படியே விட்டுட்டேன்.

கணக்குப்பிள்ளை · வியாழன், காலை 8:11

நானும் கேட்கத் தவறினேன். அந்த 2,60,000க்கு வட்டி இரண்டு என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். 4,000க்குக் கடல் கடப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், 3,140 வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

தறி_டெக்னிக் · வியாழன், காலை 8:40

ஆனா நகையை மீட்க ஒரு நாளைக்கு முழுப் பணமும் கையில வேணுமே? அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறது. சேட்டு கடைல கட்டி நகையை எடுத்தாத்தான் பேங்க்ல வைக்க முடியும்.

பல்லடம்_பேனல் · வியாழன், காலை 8:52

மச்சான் பருத்தி வியாபாரம். காலைல குடுத்துட்டு சாயங்காலம் வாங்கிக்கறேன்னுட்டான்.

நாரோயில்_மக்கா · வியாழன், காலை 9:30

சரி, அப்ப கடன் கதை முடிஞ்சு. ஆனா தம்பி, கடன் மட்டும்தானா காரணம்? பத்து வருஷம் கழிச்சு அதே மில்லுல அதே ஷிஃப்டுல நிக்கும்போது "போயிருக்கலாமோ"ன்னு தோணுனா அப்ப எங்கள ஏசப்பிடாது. ஒண்ணு செய்யி. வேண்டாம்னு சொல்லுததுக்கு முன்னால பேரம் பேசிப் பாரு. போனா என்ன, 900க்கு இல்லன்னு சொல்லு. அவன் ஏத்துனா போ.

சபராளி_கீழக்கரை · வியாழன், காலை 9:44

இது நல்ல ரோசனை. நானும் ஒத்துக்கறேன். மூணு கேளுங்க. பேசிக் 1,400. ஓ.டி. மணிக் கணக்கு, ஃபிக்ஸட் வேண்டாம். குடுக்கற காசு பூராத்துக்கும் ரசீது. இன்னொண்ணு, மூணு மாசம் கழிச்சு சேர முடியுமான்னும் கேளுங்க, அந்த கிராஜுவிட்டிக்கு.

அனல்காற்று · வியாழன், காலை 10:05

மூணு மாசம் சரியான கணக்கு. 4 வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தாலே கிராஜுவிட்டி உண்டுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு. மில்லு ஆபீஸ்ல இப்பவே வாயை விடாதீங்க, நாள் ஆனதும் பேசிக்கலாம்.

பல்லடம்_பேனல் · வெள்ளி, மதியம் 12:35

பேசிட்டேன். ஏஜென்ட் முதல்ல சிரிச்சாரு. பேசிக் மாத்த முடியாது, எல்லாருக்கும் ஒரே லெட்டர்தான், பின்னாடி 40 பேர் நிக்கறாங்கன்னாரு. ஓ.டி. அங்க போனா தெரியும்னாரு. ரசீது 35,400க்கு மட்டும்தான், மீதி "சர்வீஸ்"னு கையில குடுக்கணுமாம். மூணு மாசம் வாய்ப்பே இல்ல. கடைசில குரல் மாறிடுச்சு, "உன்ன மாதிரி ஆளுங்க கடைசி வரைக்கும் பஞ்சு தூசிலதான் கெடப்பீங்க"ன்னாரு.

அந்த வார்த்தை கொஞ்சம் குத்துச்சுங்க. பொய்யில்லை. ஃபோனை வெச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பினேன்:

"வணக்கம் சார். தேர்வு செய்ததுக்கு நன்றி. இந்த சம்பள விவரத்துக்கு எனக்குக் கட்டுப்படி ஆகல. இந்த வேலைக்கு நான் வரல. நான் குடுத்த சர்டிபிகேட் காப்பி, போட்டோவை வேற எதுக்கும் பயன்படுத்த வேண்டாம். பேசிக் 1,400க்கு மேல, இண்டஸ்ட்ரியல் மெயின்டனன்ஸ் வேலை வந்தா சொல்லுங்க."

ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பதில் இல்ல.

ஈரோட்டு_அக்கா · வெள்ளி, மதியம் 1:15

கடைசி வரி நல்லா எழுதியிருக்கற கண்ணு. நகை எப்ப மீட்கற?

பல்லடம்_பேனல் · வெள்ளி, மதியம் 1:22

திங்கக்கிழமைங்கக்கா. அன்னைக்கு செகண்ட் ஷிஃப்ட். காலைல பேங்க் வேலையை முடிச்சுட்டுப் போயிடுவேன்.

தறி_டெக்னிக் அண்ணா, சோமனூர்ல பி.எல்.சி. (மெஷினைக் கன்ட்ரோல் பண்ற புரோகிராமிங்) ஞாயித்துக்கிழமை கிளாஸ் எங்கயாச்சும் நடக்குதுங்களா?

தறி_டெக்னிக் · வெள்ளி, மதியம் 1:40

சோமனூர்ல இல்ல, கோயமுத்தூர் வரணும். தனிச் செய்தில அனுப்பறேன். நானும் சேரலாம்னு இருக்கேன், வண்டி ஒண்ணாப் போடலாம்.

வேலன்_வெல்டிங் · வெள்ளி, இரவு 10:18

ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் போங்க போங்கன்னு நான் சொன்னதுக்குக் காரணம், எனக்கும் அதே ஏஜென்ட்கிட்ட ஆஃபர் வந்திருக்கு. வெல்டர். 25,000 கட்டிட்டேன், பாஸ்போர்ட் இன்னும் குடுக்கல. மொத்தம் 2,000 போட்டிருக்கு.

சபராளி_கீழக்கரை · வெள்ளி, இரவு 10:31

பேசிக் எவ்வளவு தம்பி?

வேலன்_வெல்டிங் · வெள்ளி, இரவு 10:33

1,000. ஃபிக்ஸட் ஓ.டி. 700.

சபராளி_கீழக்கரை · வெள்ளி, இரவு 10:34

பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வாங்க.